தறியில் இல்லை தகராறு

பல்லாவரத்திலிருந்து குன்றத்தூர் போகும் சாலையில் பம்மலைத் தாண்டினால் அனகாபுத்தூர். நெசவாளர் ஊர். இங்கே நெய்த கட்டம் போட்ட மெட்ராஸ் கைக்குட்டைத் துணி ஒரு காலத்தில் நைஜீரியாவுக்குக் கப்பலேறியது. அந்த ஏற்றுமதி நின்றுபோய், தறிகளும் குறைந்துவிட்டன. வாழைநாரில் சேலை நெய்யும் சிலர்தான் இன்று ஊர்ப் பெயரைக் காப்பாற்றிக்கொண்டிருக்கிறார்கள். 2021-இல் ஊர் தாம்பரம் மாநகராட்சிக்குள் சேர்ந்துவிட்டது. மருந்துக்கடை மாடியிலும் டியூஷன் சென்டருக்குப் பக்கத்திலும் இப்போது நாலைந்து பேர் உட்கார்ந்து மென்பொருள் எழுதும் சின்ன அலுவலகங்களைப் பார்க்கலாம். கடைக்கு பில்லிங், பள்ளிக்குக் கட்டணக் கணக்கு, கிளினிக்குக்கு டோக்கன் என்று அவர்களுக்கும் பிழைப்பு ஓடுகிறது.

அப்படி ஓர் அலுவலகத்தின் சுவரில் ஒரு தாள் ஒட்டியிருந்தது. 'அனுமதி உண்டு: எம்ஐடி, பிஎஸ்டி, அப்பாச்சி' என்று மேலே கறுப்பு மையில் எழுதியிருந்தார்கள். 'அனுமதி இல்லை: ஜிபிஎல்' என்று கீழே சிவப்பு மையில். நான்கும் மென்பொருள் உரிமங்களின் பெயர்கள்.

"கம்பெனி ரூல் சார். ஜிபிஎல்னு பேர் வந்தாலே அந்த டூலத் தொடறதில்ல. தொட்டா நம்ம கோட் முழுக்க ஊருக்கே குடுக்கணுமாம்" என்றார் அங்கே பைத்தான் எழுதும் தம்பி. எழுதிய நிரலை எக்ஸ்இ கோப்பாகக் கட்டித் தர பைஇன்ஸ்டாலர் என்ற கருவியை வைத்திருந்தார்களாம். அதன் உரிமம் ஜிபிஎல் என்று யாரோ சொல்ல, அன்றே அதைத் தூக்கிவிட்டார்கள். வேறு கருவிக்கு மாறி எல்லாம் சரியாக ஓட ஒரு வாரம் பிடித்ததாம்.

அவர் ஒருவரைக் குறை சொல்லிப் பயனில்லை. தென்சென்னைப் புறநகரின் சின்ன நிறுவனங்களில் மட்டுமல்ல, ஓஎம்ஆர் கண்ணாடிக் கட்டடங்களிலும் நிலவும் பொதுப்புத்தி இதுதான். மென்பொருளைப் பொதி கட்டும் கருவியைத் தேர்ந்தெடுக்கும்போது உரிமச் சிக்கல் வருமா? ஜிபிஎல் பெயர் போட்டதைத் தள்ளு, எம்ஐடி பெயர் போட்டதை எடு, தொல்லை விட்டது. கேட்கச் சுலபமாக இருக்கிறது. ஆனால் அது தவறு. தவறு என்பதைவிட, ஆபத்து இருக்கும் இடத்தை மறைத்துவிட்டு ஆபத்து இல்லாத இடத்தில் பூட்டுப் போட வைப்பதுதான் அதன் பெரிய கெடுதல்.

அந்தத் தம்பியிடம் நான் கேட்டது ஒன்றுதான்: "கட்டி முடிச்ச ஃபோல்டரத் திறங்க."

திறந்தார். முதலில் கண்ணில் பட்டது பைக்யூட்டி. திரையில் பொத்தானும் பெட்டியும் வரைவதற்கான லைப்ரரி. அது ஜிபிஎல்லில் கிடைக்கும். வேண்டாமென்றால் காசு கொடுத்து வணிக உரிமம் வாங்க வேண்டும். இவர்கள் வாங்கவில்லை. அடுத்தது லதா எழுத்துரு. விண்டோஸோடு வரும் அந்தக் கோப்பைத் தங்கள் கணினியிலிருந்து நகலெடுத்து உள்ளே வைத்திருந்தார்கள். அதை இப்படிப் பிறருக்கு விநியோகிக்க மைக்ரோசாஃப்ட் அனுமதி தரவில்லை. மூன்றாவதாக நான் தேடியது இல்லாத ஒன்றை. அவர்கள் பயன்படுத்திய பத்துப் பன்னிரண்டு எம்ஐடி, பிஎஸ்டி லைப்ரரிகளின் உரிமக் கோப்பு ஒன்றுகூட அங்கே இல்லை. "சைஸ் கொறையட்டும்னு டெக்ஸ்ட் ஃபைல் எல்லாம் தூக்கிட்டோம் சார்."

பைஇன்ஸ்டாலரை வெளியே அனுப்பிவிட்டு, நிஜமான ஜிபிஎல்லை உள்ளே வைத்துப் பூட்டியிருக்கிறார்கள். எம்ஐடி பத்திரம் என்று சுவரில் எழுதி வைத்துவிட்டு, எம்ஐடி கேட்கும் ஒரே நிபந்தனையை மீறியிருக்கிறார்கள். தாளில் எழுதிய விதி எல்லாவற்றையும் காவல் காத்தது, பொதியைத் தவிர.

நெசவு தெரிந்த ஊரில் இதை விளக்க அதிகம் பேச வேண்டாம். தறி யாருடையதாகவும் இருக்கலாம். நெய்தவருடையது, முதலாளியுடையது, சங்கத்துடையது. அதை வைத்து யாரும் சேலையின் தரத்தையோ உரிமையையோ தீர்மானிப்பதில்லை. பாவில் என்ன நூல், ஊடையில் என்ன நூல் என்றுதான் பார்ப்பார்கள். மெட்ராஸ் கட்டத்துணி சாயம் விடும் என்பது உலகறிந்த சேதி. ஒரு நூலின் சாயம் பக்கத்து நூலில் இறங்கும். தறிக்கட்டையின் சாயம் துணியில் இறங்கியதாக யாரும் சொன்னதில்லை.

கருவியின் உரிமமும் அப்படித்தான். ஜிபிஎல் ஒட்டுவாரொட்டி என்பவர்கள் அனகாபுத்தூரிலிருந்து குரோம்பேட்டை வரைக்கும் ஒரு நடை போய் வரலாம். அங்கே எம்ஐடி (உரிமம் அல்ல, மெட்ராஸ் இன்ஸ்டிட்யூட் ஆஃப் டெக்னாலஜி) வளாகத்தில் உள்ள அண்ணா பல்கலைக்கழகத்தின் ஏயு-கேபிசி ஆய்வு மையமும் சென்னை சி-டாக்கும் சேர்ந்து 2005-இல் கட்டற்ற மென்பொருளுக்கான தேசிய வள மையத்தைத் தொடங்கின. அந்த முயற்சியில் உருவானதுதான் பாஸ் லினக்ஸ். 2011-இல் தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டத்தில் மாணவர் கைக்குப் போன கணினிகளில் விண்டோஸோடு அதுவும் இருந்தது. பாஸின் அடித்தளம் டெபியன். டெபியனில் ஒவ்வொரு பொதியையும் கட்டுவதும் பிரிப்பதும் டிபிகேஜி என்ற கருவி. அதன் உரிமம் ஜிபிஎல். அந்தக் கருவி கட்டிய பொதிகளுக்குள் எம்ஐடி உண்டு, பிஎஸ்டி உண்டு, அப்பாச்சி உண்டு. தனிப் பிரிவில் கட்டற்றதல்லாத மென்பொருளும் உண்டு. இத்தனை ஆண்டுகளில் டிபிகேஜி தொட்டதால் எந்தப் பொதியும் ஜிபிஎல்லாக மாறிவிடவில்லை. தொட்டால் ஒட்டும் என்ற பயம் உண்மையென்றால், ஜிபிஎல்லில் உள்ள ஜிசிசி என்ற தொகுப்பியால் தொகுக்கப்பட்ட உலகத்தின் பாதி மென்பொருள் இன்று பொதுச்சொத்தாகியிருக்க வேண்டும்.

'ஊருக்கே கொடுக்க வேண்டும்' என்பதும் பாதி வதந்தி. மூல நிரலைக் கேட்கும் உரிமை, நிரலை நம்மிடமிருந்து பெற்றவருடையது. நம் அலுவலகத்துக்குள் மட்டும் ஓட்டும் நிரலுக்கு அந்தக் கடமையே எழாது. காசு வாங்கி விற்பதையும் ஜிபிஎல் தடுக்கவில்லை.

சரி, கருவியின் உரிமத்தைப் பார்க்கவே வேண்டாமா என்றால், அப்படியும் நான் சொல்லவில்லை. சில தறிகள் துணியில் தங்கள் நூலையும் விட்டுவிட்டுப் போகும். அங்கே பார்த்தே ஆக வேண்டும். பைசன் என்ற ஜிபிஎல் கருவி இதற்கு நல்ல பாடம். இலக்கண விதிகளைக் கொடுத்தால் அது ஒரு நிரலை எழுதித் தரும். எழுதும்போது தன் சொந்த நிரலின் ஒரு பெரிய துண்டையும் அதற்குள் வைத்துவிடும். அதனால் 1.24 பதிப்புக்கு முன்பு, பைசன் எழுதித் தந்ததைக் கட்டற்ற மென்பொருளில் மட்டுமே பயன்படுத்த முடிந்தது. பிறகு ஜிபிஎல்லை எழுதிய குனு திட்டத்தினரே தனி விலக்கு சேர்த்து அந்தக் கட்டைத் தளர்த்தினார்கள். ஜிசிசிக்கும் அப்படி ஒரு விலக்கு இருக்கிறது.

அந்த அலுவலகம் துரத்திவிட்ட பைஇன்ஸ்டாலரும் இதே வகைதான். அது கட்டும் ஒவ்வொரு எக்ஸ்இ கோப்பின் தலையிலும் தன்னுடைய சிறிய துவக்க நிரல் ஒன்றை வைக்கும். ஜிபிஎல் நிரல் உள்ளே வருகிறதே என்று பயப்பட இடமிருக்கிறது. ஆனால் அதன் உரிமக் கோப்பைத் திறந்து படித்தால், அந்தத் துவக்க நிரலோடு எந்த உரிமத்தில் உள்ள நிரலையும், மூடிய வணிக நிரலையும்கூட, கட்டி விற்கலாம் என்று விலக்கு எழுதியிருப்பது தெரியும். ஐந்து நிமிடம் படித்திருந்தால் அந்த ஒரு வாரம் மிச்சமாகியிருக்கும். உரிமத்தின் பெயரைப் படித்தவர்கள் உரிமத்தைப் படிக்கவில்லை.

என் வாதத்துக்கு எதிராக ஒருவர் வைக்கக்கூடிய மிக வலுவான வழக்கையும் நானே சொல்லிவிடுகிறேன். குறுந்தகட்டில் எழுதும் சிடிஆர்டூல்ஸ் என்ற தொகுப்பு லினக்ஸ் உலகம் முழுக்கப் புழங்கியது. அதன் ஆசிரியர் யோர்க் ஷில்லிங் சன் நிறுவனத்தின் சிடிடிஎல் உரிமத்துக்கு மாறத் தொடங்கினார். டெபியன்காரர்கள் எழுப்பிய முக்கியமான ஆட்சேபங்களில் ஒன்று, நிரலைக் கட்டும் மேக்ஃபைல்களைப் பற்றியது. கட்டப்படும் நிரல் ஜிபிஎல், கட்டும் மேக்ஃபைல்கள் சிடிடிஎல். சிக்கல் இல்லை என்று அவர் கடைசிவரை சொன்னார். டெபியன் ஏற்கவில்லை. 2006-இல் பழைய ஜிபிஎல் பதிப்பிலிருந்து சிடிஆர்கிட் என்று தனியே கிளை பிரித்து, அந்த மேக்ஃபைல்களுக்குப் பதில் சிமேக் என்ற வேறு கருவியை வைத்துக் கட்டினார்கள்.

பார்த்தீர்களா, தறியில்தானே தகராறு வந்தது என்று கேட்கலாம். இல்லை. மேக் என்ற கருவியைப் பற்றி யாரும் வாய் திறக்கவில்லை. சண்டை, அந்தக் கருவிக்கு எழுதிக் கொடுத்த குறிப்புகளைப் பற்றி. ஜிபிஎல் 2-இன் மூன்றாம் பிரிவு, முழுமையான மூல நிரல் என்றால் அதைத் தொகுக்கவும் நிறுவவும் உதவும் ஸ்கிரிப்டுகளும் சேர்ந்தது என்று சொல்கிறது. தறி நெசவாளர் வீட்டிலேயே நின்றுவிடும். எந்த இழைக்குப் பின் எந்த இழை என்று எழுதிய கட்டக் கணக்கு துணியோடு போகும். நாம் எழுதும் மேக்ஃபைல், ஸ்பெக் கோப்பு, இன்ஸ்டாலர் ஸ்கிரிப்ட் எல்லாம் அந்தக் கணக்கைப் போன்றவை. அவை பொதியின் பகுதி. கருவிக்கும் குறிப்புக்கும் உள்ள இந்த வித்தியாசத்தைச் சுவரில் ஒட்டிய தாள் சொல்லாது.

இனி மறுபக்கம். எம்ஐடி, பிஎஸ்டி, அப்பாச்சி என்றால் நிம்மதியா?

கொண்டாவை எடுத்துக்கொள்வோம். பைத்தான் பொதிகளை இறக்கி நிறுவும் கருவி. உரிமம் பிஎஸ்டி, அந்தச் சுவர்த் தாளில் கறுப்பு மையில் இருக்கும் பெயர். ஆனால் அனகோண்டா நிறுவனத்தின் நிறுவியோடு வரும் கொண்டா, பொதிகளை இறக்குவது அந்த நிறுவனத்தின் களஞ்சியத்திலிருந்து. 2020-இல் அதன் பயன்பாட்டு விதிகள் மாறின. 200 பேருக்கு மேல் வேலை செய்யும் நிறுவனம் அந்தக் களஞ்சியத்தை வணிகத்துக்குப் பயன்படுத்தினால் காசு கட்ட வேண்டும். கருவியின் உரிமத்தில் ஓர் எழுத்துகூட மாறவில்லை. ஆனாலும் பில் வரும். தீர்வு இருக்கிறது, கஷ்டமும் இல்லை: கொண்டா-ஃபோர்ஜ் என்ற சமூகக் களஞ்சியத்துக்குத் திருப்பிவிட்டால் போதும். ஆனால் பிஎஸ்டி என்ற மூன்றெழுத்தைப் பார்த்து டிக் அடித்தவருக்கு, களஞ்சியம் என்று ஒன்று தனியாக இருப்பதே கண்ணில் படாது.

மென்பொருளைக் கண்டெய்னராகப் பொதி கட்டும் டாக்கரும் அப்படியே. அதன் இயந்திரம் அப்பாச்சி உரிமத்தில் இருக்கிறது. ஆனால் விண்டோஸிலும் மேக்கிலும் நம் பிள்ளைகள் நிறுவி வைத்திருக்கும் டாக்கர் டெஸ்க்டாப்புக்கு 2021 ஆகஸ்டில் புது விதி வந்தது. 250 ஊழியர்களுக்கு மேல், அல்லது ஆண்டுக்கு 1 கோடி டாலர் வருமானத்துக்கு மேல் இருந்தால் சந்தா கட்ட வேண்டும். நாலு பேர் அலுவலகத்துக்கு இது பொருந்தாது. அவர்கள் வேலை செய்துகொடுக்கும் பெரிய நிறுவனத்துக்குப் பொருந்தலாம்.

எம்ஐடியின் நிபந்தனைக்கு வருகிறேன். அது கேட்பது ஒன்றே ஒன்று: காப்புரிமை வரியையும் உரிம வாசகத்தையும் நகலோடு சேர்த்துக் கொடு. எழுதியவன் பெயரை அழிக்காதே என்பதற்கு மேல் அதில் ஒன்றுமில்லை. நாம் அதைத்தான் முதலில் அழிக்கிறோம். 'சும்மா பேர்தானே' என்பவர்களுக்கு ஒரு ரயில் பொம்மை வழக்கு இருக்கிறது. அமெரிக்காவில் ராபர்ட் ஜேகப்சன் என்பவர் பொம்மை ரயில்களை ஓட்டும் ஜேஎம்ஆர்ஐ மென்பொருளை ஆர்ட்டிஸ்டிக் லைசென்ஸ் என்ற தளர்வான உரிமத்தில் வெளியிட்டார். வேறொரு நிறுவனம் அதன் கோப்புகளை எடுத்துக்கொண்டது; எழுதியவர் பெயரையும் காப்புரிமைக் குறிப்பையும் விட்டுவிட்டது. இப்படி நிபந்தனையை மீறுவது வெறும் ஒப்பந்த மீறலோடு நிற்காது, காப்புரிமை மீறலாகவே ஆகும் என்று 2008-இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் சொன்னது. ஜிபிஎல் அந்த வழக்கில் எங்குமே இல்லை.

நிஜமான மோதல் எங்கே வருகிறது? ஒரே பொதிக்குள் சேரும் இரண்டு நூல்களுக்கு இடையே. அப்பாச்சி 2.0 நிரலை ஜிபிஎல் 3-ஓடு சேர்க்கலாம்; ஜிபிஎல் 2 மட்டும் என்று எழுதியதோடு சேர்க்க முடியாது. இரண்டும் நல்ல உரிமங்கள்தான், ஆனால் ஒரு வீட்டில் குடித்தனம் நடக்காது. இணையத் தொடர்பை மறையாக்கும் ஓபன்எஸ்எஸ்எல் லைப்ரரியின் பழைய உரிமத்தில் விளம்பரத்தில் பெயர் போட வேண்டும் என்ற நிபந்தனை இருந்தது. அது ஜிபிஎல்லோடு ஒத்துப்போகவில்லை. அதற்காகவே டெபியனில் பல பொதிகள் குனுடிஎல்எஸ் என்ற மாற்றோடு கட்டப்பட்டன. சில ஆசிரியர்கள் தனி விலக்கு எழுதிக் கொடுத்தார்கள். 2021 செப்டம்பரில் ஓபன்எஸ்எஸ்எல் 3.0 அப்பாச்சி உரிமத்தில் வந்த பிறகே அந்தப் பழைய தலைவலி பெரும்பாலும் தீர்ந்தது.

நம் தமிழிலேயே ஒரு கதை இருக்கிறது. இணையத்தில் தமிழ் தட்டச்சு பழகிய ஒரு தலைமுறைக்கே கைகொடுத்தது எ-கலப்பை. தமிழா குழுவினர் இலவசமாகக் கொடுத்தார்கள். ஆனால் முதல் பதிப்புகள் கீமேன் என்ற மூடிய இயந்திரத்தின் மேல் கட்டப்பட்டவை. விசைப்பலகை நம்முடையது; உள்ளே சுழன்ற சக்கரம் வேறொருவருடையது. அந்தச் சார்பை அறுக்க எ-கலப்பை 3-ஐ முதலிலிருந்து எழுதி ஜிபிஎல்லில் வெளியிட்டார்கள். இன்ஸ்டாலரை மாற்றி அவர்கள் அந்தச் சிக்கலைத் தீர்க்கவில்லை. பொதிக்குள் இருந்ததை மாற்றித் தீர்த்தார்கள்.

இந்த வழிகள்தான் நமக்கும். மோதும் லைப்ரரியை மாற்று. முடியாவிட்டால் ஆசிரியரிடம் விலக்கு கேள். அதுவும் இல்லையென்றால் வணிக உரிமம் வாங்கு, அல்லது நம் நிரலின் உரிமத்தை மாற்று. அனகாபுத்தூர்த் தம்பிக்கு முதல் வழியே போதும். பைக்யூட்டிக்குப் பதில் பைசைடு. அது எல்ஜிபிஎல் என்ற தளர்த்திய ஜிபிஎல்லில் கிடைக்கிறது. மூடிய நிரலோடும் தரலாம். லதாவுக்குப் பதில் நோட்டோ சான்ஸ் தமிழ், மீரா இனிமை, லோஹித் என்று திறந்த எழுத்துரு உரிமத்தில் தமிழ் எழுத்துருக்கள் இருக்கின்றன. எழுத்துருவைத் தனியாக விற்காமல், உரிமக் கோப்போடு பொதிக்குள் வைத்தால் போதும்.

பொதி கட்டும் முறையும் உரிமமும் உண்மையிலேயே சந்திக்கும் இடம் இங்கேதான். எல்ஜிபிஎல் லைப்ரரியைப் பயனர் விரும்பினால் எடுத்துவிட்டுத் தன் பதிப்பை வைத்துக்கொள்ள வழி விட வேண்டும். எல்லாவற்றையும் ஒரே எக்ஸ்இக்குள் திணித்தால் அந்த வழி அடைபடும். ஃபோல்டராகக் கட்டினால் லைப்ரரி தனிக் கோப்பாக நிற்கும், மாற்றுவது சுலபம். ஒரே கருவியில் ஒரு சின்னத் தேர்வு. கருவியின் பெயரை வைத்து நடத்தும் தடை விளையாட்டில் இந்தக் கேள்வி எழவே எழாது.

இரண்டு ஆட்சேபங்கள் வரும் என்று தெரியும். முதலாவது: "நம்ம ஊர்ல யார் சார் கேஸ் போடப்போறாங்க?" 1957-ஆம் ஆண்டுக் காப்புரிமைச் சட்டத்தில் கணினி நிரலும் இலக்கியப் படைப்பே. தெரிந்தே மீறினால் 63-ஆம் பிரிவில் 6 மாதம் முதல் 3 ஆண்டு வரை சிறை, 50,000 முதல் 2 லட்சம் ரூபாய் வரை அபராதம். மீறிய நகலைத் தெரிந்தே கணினியில் பயன்படுத்துபவருக்கு 63பி என்று தனிப் பிரிவே உண்டு. அதாவது நம் வாடிக்கையாளருக்கு. பிரான்சில் ஆரஞ்ச் என்ற தொலைபேசி நிறுவனம் ஜிபிஎல் மீறலுக்காக லட்சக்கணக்கில் யூரோ கொடுக்க வேண்டும் என்று பாரிஸ் மேல்முறையீட்டு நீதிமன்றம் 2024-இல் தீர்ப்பளித்தது. வழக்குக்கு முன்னாலேயே கேள்வி வரும் காலமும் வந்துவிட்டது. மென்பொருளுக்குள் என்னென்ன பாகங்கள், ஒவ்வொன்றுக்கும் என்ன உரிமம் என்று பட்டியல் தயாரிக்கும் வழிகாட்டுதலை இந்திய அரசின் கணினிப் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன் 2024 அக்டோபரில் வெளியிட்டிருக்கிறது. அந்தப் பட்டியல் கேட்பது பொதிக்குள் இருப்பவற்றை.

இரண்டாவது ஆட்சேபத்தில் நியாயம் இருக்கிறது: "நாலு பேர் கம்பெனிக்கு வக்கீல் எங்க போறது? ஒரு சிம்பிள் ரூல் வேணும்ல?" வேண்டும். அது பிரச்சினையைத் தொடும் விதியாக இருக்க வேண்டும். சிவப்பு மைத் தாளைவிட நீளமில்லாத மூன்று கேள்விகள் போதும். இந்தக் கருவி தன் நிரலில் எதையாவது என் பொதிக்குள் விட்டுச் செல்கிறதா, விட்டால் அதற்கு விலக்கு எழுதியிருக்கிறதா? இது எங்கிருந்து இறக்குகிறது, அந்தக் களஞ்சியத்தின் விதி என்ன? பொதிக்குள் சேர்ந்தவை ஒன்றோடொன்று ஒத்துப்போகின்றனவா, ஒவ்வொன்றின் உரிமக் கோப்பும் உள்ளே இருக்கிறதா? இவற்றுக்குப் பதில் தேட வக்கீல் தேவையில்லை; ஒரு மாலை நேரம் தேவை. பதில் புரியாத ஒன்றிரண்டு இடங்களுக்கு மட்டும் தெரிந்தவரைக் கேட்டால் போதும். மூன்றாவது கேள்வியை டெபியன் எப்படிக் கையாள்கிறது என்று பார்க்க, பாஸோ உபுண்டுவோ ஓடும் எந்தக் கணினியிலும் யூஎஸ்ஆர், ஷேர், டாக் என்று உள்ளே போங்கள். ஒவ்வொரு பொதியின் பெயரிலும் ஒரு ஃபோல்டர். ஒவ்வொன்றிலும் காப்பிரைட் என்ற பெயரில் ஒரு கோப்பு. சம்பளம் வாங்காத தன்னார்வலர்கள் பல்லாயிரம் பொதிகளுக்கு அதை எழுதியிருக்கிறார்கள். நம் பொதியில் இருப்பது பத்துப் பன்னிரண்டு லைப்ரரிகள்.

அந்த அலுவலகத்துச் சுவரில் இருக்கும் தாளைக் கிழிக்கச் சொல்ல மாட்டேன். திருப்பிப் போட்டு, பின்பக்கம் இந்த மூன்று கேள்விகளை எழுதுங்கள். அடுத்த முறை வாடிக்கையாளருக்கு மென்பொருளை அனுப்பும் முன், கட்டி முடித்த ஃபோல்டரை ஒருமுறை திறந்து, உள்ளே இருக்கும் ஒவ்வொரு கோப்பும் யாருடையது என்று சொல்லிப் பாருங்கள். சொல்ல முடியாத கோப்பு ஒன்று இருந்தாலும், அன்றைக்கு அனுப்பாதீர்கள்.